ரப்பர் விளையும் ஊரும் பந்தய டயரும்

தக்கலையை விட்டு வடக்கே திருவட்டாறு, குலசேகரம், பேச்சிப்பாறை என்று போகப் போக வயல் குறைந்து ரப்பர்த் தோட்டம் கூடும். தமிழ்நாட்டில் விளையும் இயற்கை ரப்பர் ஏறக்குறைய முழுவதும் கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரத்தில்தான் விளைகிறது. அந்த ரப்பரில் பெரும்பங்கு டயராகிறது. ஆனால் இதே நாட்டில் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்ட முனைந்தவர்கள், புகழ்பெற்ற பழைய காரைப் பார்த்து அதேபோல் ரெப்ளிக்கா செய்ய ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் நெடுங்காலம் முட்டி நின்றது டயரில்தான். எஞ்சின் கிடைத்தது, இரும்புக் குழாயும் ஃபைபர் கிளாஸும் கிடைத்தன. அந்த வேகத்தைத் தாங்கித் தரையைப் பிடிக்கும் டயர் மட்டும் வேண்டிய அளவில் கிடைக்கவில்லை.

ரப்பர் இந்தப் பகுதிக்கு வந்த வழி நீளமானது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டது. இந்தியாவில் வணிக நோக்கோடு போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் திருவிதாங்கூரின் தட்டேக்காட்டில் 1902-இல் தொடங்கியது. தக்கலையும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர்தான். திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்திலேயே இருக்கிறது. எனவே ரப்பர்ச் சாகுபடி இங்கே திருவிதாங்கூர் வழக்கமாகவே வந்து சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த பிறகும் தோட்டக்காரர்களின் கண் கோட்டயத்தின் மேலேயே இருந்தது. ரப்பர் வாரியம் இருப்பதும் விலை பேசப்படுவதும் அங்கேதான். பின்னர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்கும் நோக்கோடு கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு பகுதிகளில் அரசே ரப்பர் வளர்த்தது. 1984-இல் அந்தத் தோட்டங்கள் அரசு ரப்பர் கழகத்தின் கைக்கு வந்தன.

தோட்டத்து வேலை இன்றும் பெரிதாக மாறவில்லை. வெயில் ஏறுமுன் பட்டையைச் சீவிப் பால் எடுக்க வேண்டும். வெட்டு விழுந்த இடத்திலிருந்து பால் சிரட்டையில் சொட்டும். வடிகட்டிய பாலில் ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறைய வைத்து, உருளை மெஷினில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைப்புரையில் உலர்த்துவார்கள். சிரட்டையிலும் வெட்டுக்காயத்திலும் ஒட்டிக் காய்ந்தது ஒட்டுப்பால், அதற்குத் தனி விலை. புகைபோட்ட ஷீட்டுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் உண்டு. இந்திய டயர் ஆலைகள் அதிகம் வாங்குவது ஆர்.எஸ்.எஸ். 4 எனப்படும் நான்காம் தரம். நாளிதழில் ரப்பர் விலை என்று அச்சாவதும் பெரும்பாலும் அதுதான்.

இந்த ஷீட் எந்த டயருக்குப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இயற்கை ரப்பரை இழுத்தால் அதன் மூலக்கூறுகள் வரிசையாக அமைந்து இறுகும். அதனால் எளிதில் கிழியாது. திரும்பத் திரும்ப வளைந்தாலும் அதிகம் சூடேறாது. பத்து டன் பாரத்தோடு நாள் முழுக்க ஓடும் லாரி டயருக்கும், தரையிறங்கும் விமானத்தின் டயருக்கும் வேண்டியது இந்தக் குணமே. பந்தய டயருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். தரையின் நுண்ணிய மேடுபள்ளத்தில் ரப்பர் அழுந்த வேண்டும், அழுந்திய சக்தியை உடனே திருப்பித் தராமல் வெப்பமாக விழுங்க வேண்டும். அந்த விழுங்கலே பிடிப்பாகிறது. இந்த வேலைக்கு ஸ்டைரீனும் பியூட்டடையீனும் சேர்த்துச் செய்யும் செயற்கை ரப்பர்தான் பொருத்தம். ஜெர்மனியில் உருவான இந்த ரப்பரை இரண்டாம் உலகப்போர் உலகமெங்கும் பரப்பியது. 1942-க்குள் மலேயாவும் இந்தோனேசியத் தீவுகளும் ஜப்பான் வசமாயின. உலகுக்குக் கிடைத்த இயற்கை ரப்பரில் பெரும்பகுதி அதோடு நின்றுபோகவே, அமெரிக்கா போர் வேகத்தில் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. அன்று முதல் கார் டயரின் மேற்பரப்பில் செயற்கை ரப்பரும், உள்கட்டிலும் பக்கச் சுவரிலும் இயற்கை ரப்பரும் என்ற பங்கீடு நிலைத்தது. ஆக, குலசேகரத்து ஷீட் ஸ்போர்ட்ஸ் கார் டயரிலும் இருக்கும். ஆனால் தரையைத் தொடும் இடத்தில் அதற்குப் பங்கு குறைவு. ரப்பர் விளையும் நாட்டில் நல்ல பந்தய டயருக்குத் தட்டுப்பாடு இருந்ததில் முரண் ஏதும் இல்லை. மரம் இருந்தால் போதாது, வேதியியலும் அந்த டயரை வாங்குவதற்குச் சந்தையும் வேண்டும்.

இந்தியாவில் டயர் ஆலை 1936-இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் டன்லப் நிறுவனத்தோடு தொடங்கியது. 1959-இல் அதே நிறுவனம் சென்னை அம்பத்தூருக்கும் வந்தது. அதற்கு முன்பே திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் வேறொரு கதை தொடங்கியிருந்தது. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் அங்கே குழந்தைகளுக்கான பலூன் செய்தார். அவரும் திருவிதாங்கூர்க்காரர். 1952-இல் அவர் டிரெட் ரப்பருக்கு, அதாவது தேய்ந்த டயரின் மேல் புதிதாக ஒட்டும் பட்டைக்கு, மாறினார். 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தின் கூட்டுறவோடு முழு டயர் வந்தது. இன்றைய எம்.ஆர்.எஃப். அதுதான். முழு டயருக்கு முன்பாக ரீட்ரெடிங் வந்தது தற்செயல் இல்லை. புது டயர் எட்டாத விலையில் இருந்த நாட்டில், பட்டன் தேய்ந்து மொட்டையான டயரைத் திரும்ப ஓடவைப்பதே முதல் தேவையாக இருந்தது.

அந்தக் காலத்து டயர்க் கடையில் என்ன இருந்தது என்று பார்த்தால் ஸ்போர்ட்ஸ் கார் கட்டியவரின் நெருக்கடி புரியும். சாலையில் ஓடியவை பெரும்பாலும் மூன்று கார்கள். அம்பாசடருக்கு 5.90-15, ஃபியட்டுக்கு 5.20-14, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு 5.20-13. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். மூன்றும் ஒல்லியான டயர்கள், மூன்றும் குறுக்கிழைக் கட்டு. நைலான் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போன இந்த டயர் பள்ளம் மேட்டைத் தாங்கியது. ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பினால் பக்கச் சுவரோடு சேர்ந்து மேற்பரப்பும் முறுக்கிக்கொண்டு தரையை விட்டது. மிஷ்லின் நிறுவனம் 1946-இலேயே காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் இந்தக் குறையைத் தீர்த்திருந்தது. இந்தியாவில் ரேடியல் தயாரிப்பை ஜே.கே. டயர் தொடங்கியது 1977-இல். முப்பது ஆண்டுத் தாமதம். நடுவே வெளிநாட்டு டயர் வேண்டுமானால் இறக்குமதி உரிமம் வேண்டும், உரிமம் பொழுதுபோக்குக்குக் கிடைப்பதல்ல.

இத்தனை நெருக்கடிக்கும் நடுவில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பந்தயம் நடந்தது. போர்க்காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம் அது. 1950களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், பைக் பந்தயங்களை நடத்தியது. பிப்ரவரியில் நடந்த பந்தயத்துக்குப் பெருங்கூட்டம் கூடும். இறக்குமதியான கார்கள் சில வந்தன. தொழிலதிபர் விஜய் மல்லையா 1980களின் தொடக்கத்தில் என்சைன் ஃபார்முலா ஒன் காரையே ஓட்டினார். ஆனால் சோழவரத்தின் உண்மையான பெருமை, உள்ளூரில் கட்டிய ‘ஸ்பெஷல்’ கார்கள். அவற்றைக் கட்டியவர்களுக்கு ஹெரால்டு தெய்வம் கொடுத்த வரம். மற்றக் கார்களில் உடலும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்க, ஹெரால்டில் மட்டும் சேஸிஸ் தனியாக இருந்தது. உடலைக் கழற்றி எடுத்து, சட்டத்தைக் குட்டையாக்கி, இஷ்டப்பட்ட உடலை ஏற்றலாம். இங்கிலாந்தில் டிரையம்ஃப் நிறுவனமே 1962-இல் இதே சட்டத்தைக் குட்டையாக்கி ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது.

ஹெரால்டுக்கு இன்னொரு நன்மையும் இருந்தது, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதன் ரிம் 13 அங்குலம். உலகப் பந்தயக் கார்களின் ரிம் அளவும் அதுதான். ஃபார்முலா ஒன் 2021 வரை 13 அங்குல ரிம்மையே வைத்திருந்தது, 2022-இல்தான் 18-க்கு மாறியது. ஆகவே யாராவது வெளிநாட்டிலிருந்து நல்ல டயரைக் கொண்டுவந்தால் அது ஹெரால்டின் விட்டத்துக்கு உட்காரும். அம்பாசடரை வைத்துக் கட்டியவருக்கு அந்த வாய்ப்புக் குறைவு. காரைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே டயரும் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது. வீட்டில் கார் கட்டிய எவருக்கும் இந்த உண்மை முதலில் தெரிவதில்லை, கடைசியில் தெரிகிறது.

கோவை எஸ். கரிவரதன் இதை முதலிலேயே அறிந்திருந்தார் என்று அவர் கட்டிய கார் சொல்கிறது. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த அவர் 1988-இல் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை அறிமுகப்படுத்தினார். மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின், அதே காரின் உதிரிகள். ஊர் ஊராகக் கிடைக்கும் பொருளை வைத்தே கட்டியதால் செலவு குறைந்தது, பல இளைஞர்கள் பந்தயத்துக்குள் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கார் என்றபோது டயர் வகை குறைவாக இருப்பதே நியாயமாகிவிட்டது. பணம் உள்ளவன் நல்ல டயர் வாங்கி முந்தும் வழி அடைபட்டது. இந்திய மோட்டார் பந்தய வரலாற்றில் இதைவிடப் புத்திசாலித்தனமான தீர்வு வேறில்லை. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சோழவரத்துப் பந்தயங்கள் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் தடத்துக்கு மாறின. எம்.ஆர்.எஃப்., ஜே.கே. இரண்டும் பந்தயத் தொடர்களுக்கென்றே டயர் செய்யத் தொடங்கின.

ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவை நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். அவருடைய பெயர் புள்ளிப்பட்டியலில் ஏறியது டயரால்தான். அந்த ஆண்டு ஜூன் 19-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பந்தயம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே சாய்வாகக் கட்டிய 13-ஆம் வளைவில் மிஷ்லின் டயர் பழுதாகி ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. அந்த வளைவின் அழுத்தத்தைத் தங்கள் டயர் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என மிஷ்லினே அறிவித்தது. தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர்தான் என்பது அந்த ஆண்டின் விதி, மாற்று டயருக்கு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை இருபது கார்கள் அணிவகுத்துச் சுற்றின. மிஷ்லின் போட்ட பதினான்கு கார்களும் தொடங்குமுன்பே உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. அந்த ஆறில் நரேனின் ஜோர்டனும் ஒன்று. நான்காவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவரே. உலகின் மிகப் பணக்கார விளையாட்டிலும் பொருந்தாத டயரைப் போட்டவர் ஓட முடியாமல் போனார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

ரெப்ளிக்கா கட்டுவோருக்கு இதே பிரச்சினை இன்னொரு உருவத்தில் வருகிறது. உலகில் அதிகம் நகலெடுக்கப்படும் ஸ்போர்ட்ஸ் கார்கள் இரண்டு. ஒன்று 1957-இல் காலின் சாப்மன் செய்த லோட்டஸ் செவன். மற்றது 1962-இல் கரோல் ஷெல்பி அமெரிக்க எஞ்சினை ஆங்கிலேய உடலில் ஏற்றிச் செய்த கோப்ரா. இந்தியாவிலும் செவன் வடிவத்தைத் தழுவி 2000களின் தொடக்கத்தில் சிங்காரா மோட்டார்ஸ் ரோட்ஸ்டர் என்ற காரை விற்றது. ஃபைபர் உடல், அம்பாசடருக்கும் கான்டெஸாவுக்கும் போட்ட இசுசு 1.8 லிட்டர் எஞ்சின். கோப்ராவின் அழகில் பாதி அதன் 15 அங்குல ரிம்மும் பின்னால் உப்பிய அகல டயரும்தான். அந்த அகலத்தில், அந்த விட்டத்தில் நல்ல பிடிப்புள்ள டயர் 1960களில் பந்தயத் தரம். இன்றைய வேகக் கார்கள் எல்லாம் 17, 18, 19 அங்குலத்துக்குப் போய்விட்டன. டயர் நிறுவனங்களின் புதிய வேதியியலும் அங்கேயே போய்விட்டது. 15 அங்குலத்தில் எஞ்சியவை பழைய தோற்றத்துக்காகச் செய்யப்படும் சில வகைகள். உதாரணமாக 295/50 ஆர் 15 அளவில் அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் டயரின் வேகக்குறி எஸ். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வரையே பொறுப்பு. கோப்ராவின் எஞ்சின் அதைத் தாண்டிப் போகும். இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு நம்பிக்கையாக இருந்த ஏவான் டயரின் மெல்க்‌ஷாம் ஆலையிலும் 2023 இறுதியோடு உற்பத்தி நின்றது.

இதற்கு ரெப்ளிக்காக்காரர்கள் இரண்டு வழி கண்டிருக்கிறார்கள். ஒன்று, மூல அளவிலேயே நின்று வேகத்தைக் குறைத்துக்கொள்வது. மற்றது, ரிம்மை 17 அங்குலமாக்கி வெளிவிட்டத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொள்வது. 295/50 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் 676 மில்லிமீட்டர், 275/40 ஆர் 17-இன் விட்டம் 652. வித்தியாசம் 24 மில்லிமீட்டர், ஸ்பீடோமீட்டர் நூற்றுக்கு ஏறக்குறைய 3.7 கூடுதலாகக் காட்டும், அவ்வளவே. டயருக்குப் பஞ்சம் தீரும். ஆனால் பக்கச் சுவர் மெலிந்து பழைய காரின் முகம் மாறும். அழகை முன்வைப்பவருக்கு முதல் வழி, வளைவில் வேகமாகப் போக நினைப்பவருக்கு இரண்டாம் வழி. இரண்டையும் ஒரே டயரில் தேடுவது வீண்.

இந்தியாவில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. இறக்குமதி எண்ணிக்கைக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில் நீங்கியபோது வெளிநாட்டு டயருக்குக் கதவு திறந்தது. ஆனால் டயருக்கு இந்தியத் தரமுத்திரை கட்டாயம் என்ற 2009-ஆம் ஆண்டு ஆணை, ஆண்டுக்குப் பத்து டயர் விற்கும் அபூர்வ அளவுகளை வெளியே நிறுத்தியது. முத்திரைக்கு ஆகும் செலவு அந்த விற்பனையில் வராது. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதிக்கு மறுபடி உரிமம் வேண்டும் என்றானது. எஞ்சுவது உள்ளூர்க் கடை. தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ 15 அங்குலத்தில் அகலமான டயர் கேட்டால் கிடைப்பது இன்னோவாவின் 205/65 ஆர் 15, பொலீரோவின் 215/75 ஆர் 15. இரண்டும் ஏழெட்டுப் பேரைச் சுமக்கும் வண்டிக்காகச் செய்தவை. அறுநூறு, எழுநூறு கிலோ எடையுள்ள செவன் ரெப்ளிக்காவுக்கு அவற்றைப் போட்டால், அவ்வளவு பாரம் தாங்கும் முரட்டுச் சுவர் வளையாது, ரப்பர் சூடேறாது, சூடேறாத ரப்பர் பிடிக்காது. அந்த எடைக்குப் போலோவின் 185/60 ஆர் 15 போன்ற ஒல்லியான டயரே சரி. அகலமான டயர் எப்போதும் மேல் என்ற எண்ணம் தவறு. இரண்டு பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்தில் அந்தத் தவறு ஆபத்தும்கூட. இலேசான காரில் அகல டயர் நீரைக் கிழித்துத் தரையைத் தொடாது, நீரின் மேல் மிதக்கும்.

சட்டமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பழைய காரின் சட்டத்தில் புது உடல் ஏற்றிச் சாலையில் ஓட்டுவது அதன்பின் எளிதல்ல. எனவே இன்றைய உள்ளூர்க் காரின் இயல்பான இடம் பந்தயத்தடமே.

திருவொற்றியூர்க் கொட்டகையில் பலூனில் தொடங்கிய நிறுவனத்தின் அணி 2022-இல் ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப்பை வென்றது. ஓட்டுநர் பட்டம் ஸ்பெயினின் எஃப்ரென் யரேனாவுக்கு, அணிப் பட்டம் எம்.ஆர்.எஃப்.-க்கு. ஆசிய பசிபிக் ராலியில் அதே டயரில் கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆண்டுகளில் பட்டம் வென்றிருந்தார். உலகத் தரமான பந்தய டயர் செய்யத் தெரியாத நாடு என்ற குறை இனி இல்லை. அந்த டயரைக் கடையில் வைத்து விற்கும் அளவுக்கு ஸ்போர்ட்ஸ் கார்கள் இங்கே இல்லை என்பதே மீதிக் குறை. ஆகவே ரெப்ளிக்கா கட்டத் தொடங்குபவர் படம் வரைவதற்கு முன் டயர்க் கடைக்குப் போக வேண்டும். அடுத்த ஐந்தாண்டுக்குத் தடையில்லாமல் கிடைக்கும் அளவு எது, அதன் வேகக்குறி என்ன, பக்கச் சுவரில் அச்சிட்ட நான்கு இலக்கம் எந்த வாரம் எந்த ஆண்டு என்று சொல்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ரிம், பிரேக், சஸ்பென்ஷன், கியர் விகிதம் எல்லாம் அந்தத் தாளிலிருந்து தொடங்கட்டும்.